மூன்று நிமிடம் முன்னால் வந்தவள்

ஜூன் 4

தம்பிக்கு,

கவரைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் போகவில்லை. எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குச் சண்டை வருகிறது. போன தடவை நீ பாதிப் பேச்சில் வைத்தாய், நான் அதற்கு அப்புறம் பத்து மாதம் எடுக்கவே இல்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் 31 ஏரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதே டிரையத்லான்தான். ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது சைக்கிள், பத்து ஓட்டம். இந்த வருடம் பெண்களில் முதல் மூன்று பேருக்கு தேசியப் போட்டியில் இடமாம். அந்த மூன்றில் ஒன்று எனக்கு வேண்டும்.

நீ இப்போது அந்தப் பெரிய கிளப்பில் கோச் என்று எங்கள் டிப்போ மெக்கானிக் சொன்னார். நீலச் சட்டை போட்ட மூன்று பெண்களை இந்தப் போட்டிக்குத்தான் தயார் செய்கிறாய் என்றும் சொன்னார். நல்லது. அவர்களிடம் சொல்லிவை, ஒரு பஸ் டிரைவர் வருகிறாள் என்று.

போன வருடம் பதினொரு நொடியில் மூன்றாம் இடத்தை விட்டேன். அது கூட ஆறிவிட்டது. கடைசித் திருப்பத்தில், அத்தனை பேர் முன்னால் நின்று, "இது பஸ் இல்ல! நீ பஸ் ஓட்டல!" என்று கத்தினாயே, அது ஆறவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆள் வாயாலேயே ஹார்ன் அடித்துக் காட்டினான். அவன் முகம் கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதிகாலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறேன். மதியம் நீச்சல் குளம். ஓட்டத்துக்கு மெக்கானிக் துணை வருகிறார். பாவம், இரண்டாவது கிலோமீட்டரில் தார்ச்சாலையில் உட்கார்ந்துவிடுவார்.

உன் அக்கா

---

ஜூன் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் இந்த மூன்று பேருக்கும் நான்தான் பொறுப்பு. பட்டப்பெயர்களாலேயே சொல்கிறேன், இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மீன் என்கிற பெண் தண்ணீரில் இறங்கினால் ஏரியே அவளுக்கு வழிவிடும். டாக்டர் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். சைக்கிளில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. நெட்டை ஆறடி உயரம். அவள் ஒரு எட்டு வைத்தால் நீ இரண்டு வைக்க வேண்டும். மூவரும் இருபத்தைந்து வயதுக்குள். நீ முப்பத்தொன்பது.

நீ முடிப்பாய், அக்கா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மூன்றில் வருவது வேறு விஷயம்.

கத்தியது தப்புதான். அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது தப்பில்லை. சைக்கிள் இரண்டாம் பாதியில் நீ சும்மா மிதித்துக்கொண்டு வந்தாய். களைப்பு என்றால் முகத்தில் தெரியும். உன் முகத்தில் ஒன்றும் இல்லை. ஊர்வலம் போகிற மாதிரி வந்தாய். நான் ஒரு வருடம் உனக்காக உழைத்ததற்கு அதுவா பலன் என்று வயிறு எரிந்தது.

நீ உன் ஆறாத கதையைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு முதல் கோச் வேலைக்கு நேர்காணல். உன் பஸ். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். உன் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. கிளம்பிவிட்டாய். அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஏரியில் பார்ப்போம்.

தம்பி

---

ஜூன் 24

டேய்,

எட்டு இருபது என்றால் எட்டு இருபது. உள்ளே நாற்பது பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் வேலைக்குப் போக வேண்டாமா? அன்றைக்கே சொன்னேன், சீக்கிரம் எழுந்திரு என்று. நீ கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவிக்கொண்டிருந்தாய். ஒன்பது வருடம் மனதுக்குள் வைத்திருந்தாயா இதை! நல்ல ஆளடா நீ.

இப்போது நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன், கேள்.

போன வருடம் என் சைக்கிள் கைப்பிடியில் நீ ஒரு சீட்டு ஒட்டினாயே, அதை நான் தூக்கிப் போடவில்லை. சீருடைப் பையிலேயே இருக்கிறது. உன் கையெழுத்தில், கோடு போட்டு, ஐந்து இடத்துக்கும் நேரம்:

கரை ஏறுவது – 33 நிமிடம்
சைக்கிள் பாதித் திருப்பம் – 1:12
சைக்கிளை விட்டு இறங்குவது – 1:50
ஓட்டத்தில் பாதி – 2:14
முடிவு – 2:38

நான் பாதித் திருப்பத்துக்கு எத்தனை மணிக்கு வந்தேன் தெரியுமா? 1:09. மூன்று நிமிடம் முன்னால். பதினான்கு வருடமாக பஸ் ஓட்டுகிறவள் நான். ஒரு நிறுத்தத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? நிதானிக்க வேண்டும். முன்னால் போன பஸ் பின்னால் வருகிற பயணிகளை ஏமாற்றிய பஸ். தாமதத்துக்குக் கூட மன்னிப்பு உண்டு, முன்னால் போனதற்கு மெமோதான். எங்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவார்கள்.

அதனால் நிதானித்தேன். சரியாக 1:50க்கு இறங்கினேன். ஒரு நொடி பிசகவில்லை. நீ பாராட்டுவாய் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன், முட்டாள் மாதிரி. 2:38க்குள் முடித்தேன். நீ எழுதினதை எழுதினபடி செய்தேன். அதற்குத்தான் ஊர் முன்னால் திட்டு வாங்கினேன்.

இப்போது சொல். யார் பஸ் ஓட்டினது?

அக்கா

---

ஜூலை 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு போட்டி நடத்துகிறவர்களிடம் போன வருடக் கணினிப் பதிவைக் கேட்டு வாங்கினேன். திருப்பத்தில் உன் நேரம் 1:09:04. நீ சொன்னது சரி.

அந்தச் சீட்டில் இருந்தது உன் நேரம் இல்லை. உன்னால் முடிந்த நேரத்தோடு ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் கூட்டி எழுதினேன். 'இதற்கு மேல் தாமதமாகாதே' என்பது என் அர்த்தம். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீ அதை பஸ் அட்டவணையாக எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஏன் கூட்டினேன் என்று கேட்பாய். நான் உன்னை நம்பவில்லை, அக்கா. அதுதான் உண்மை. பின்பாதியில் நீ துவண்டு விழுவாய், எல்லோரும் பார்ப்பார்கள், எனக்குத் தாங்காது என்று பயந்தேன். என் பயத்தைச் சீட்டில் எழுதி உன் கைப்பிடியில் ஒட்டிவிட்டு, அதன்படியே ஓட்டினதற்கு உன்னையே திட்டினேன். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ நிதானிக்காமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் அது உனக்குப் பயிற்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் இப்போது அந்த மூன்று பேரின் ஆள். அவர்களுக்குத் துரோகம் செய்ய மாட்டேன்.

மன்னித்துக்கொள்.

தம்பி

---

ஜூலை 20

தம்பிக்கு,

உன் மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். இனி அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லாதே, கேட்க நல்லாயில்லை.

படித்துவிட்டு அழுதேன் என்று எழுதினால் நீ தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய். அதனால் எழுதவில்லை. மெக்கானிக், "என்னம்மா, கண்ணுல டீசலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது வேலையைப் பேசுவோம். நான் நன்றாக இருக்கிறேன். கால் இரும்பாகிவிட்டது. நீச்சல் மட்டும்தான் இழுக்கிறது. குளத்தில் பக்கத்து வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடி தாண்டுகிறார்கள். போகட்டும். தண்ணீரில் விட்டதை ரோட்டில் பிடிப்பேன்.

ஆனால் ஒரு உண்மை. எனக்குச் சீட்டு இல்லாமல் ஓட்டத் தெரியாது. போன வாரம் சீட்டு இல்லாமல் மூன்றையும் ஒரு தடவை செய்து பார்த்தேன். முதல் பாதியில் பேய் மாதிரி போனேன், பின்பாதியில் மரத்தடியில் படுத்தேன். நாய் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது. நேரம் எழுதி எதிரில் இருந்தால் எனக்குப் பயம் கிடையாது, எந்த ராட்சசி பக்கத்தில் வந்தாலும் கிடையாது.

எனக்கு நேரம் எழுதத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். திருட்டுத்தனமாக வேண்டாம். அந்த மூன்று பெண்களிடமும் நேராகக் கேள். என்னுடைய நேரம் மட்டும் போதும், அவர்களைப் பற்றி ஒரு எழுத்து வேண்டாம். அவர்களில் ஒருத்தி வேண்டாம் என்றாலும் எழுதாதே. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

கேட்டேன். கிளப் மேலாளரிடம் முதலில், பிறகு பயிற்சி முடிந்து மூவரும் ஷூ கழற்றிக்கொண்டிருந்தபோது அவர்களிடம். போன வருடக் கதையை, என் தப்போடு சேர்த்து, முழுசாகச் சொன்னேன்.

மீன், "எழுதிக் குடுங்க சார், எனக்கென்ன" என்றாள். அவள் முதலிடத்தை இப்போதே பையில் போட்டுவிட்டவள். டாக்டர் யோசித்துவிட்டு, "அவங்க நேரம் அவங்களோடது. அதை நீங்க வச்சுக்கிட்டதுதான் தப்பு" என்றாள். உன்னால் இடம் பறிபோனால் நெட்டைக்குத்தான் போகும், அது அவளுக்கும் தெரியும். சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பஸ் அக்கா பேப்பரைப் பாத்து ஓட்டட்டும் சார். நான் பஸ் அக்காவைப் பாத்து ஓடறேன்."

இனி உன் பெயர் இங்கே பஸ் அக்காதான்.

சீட்டை வைத்திருக்கிறேன்:

கரை – 32
பாதித் திருப்பம் – 1:09
சைக்கிளை விட்டு இறங்குவது – 1:46
ஓட்டத்தில் பாதி – 2:10
முடிவு –

திருப்பத்துக்கு எழுதியிருப்பது போன வருடம் நீயாகவே வந்த நேரம். மற்றவை அதிலிருந்து கணக்கிட்டவை. ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை. இந்த முறை நான் பயந்து எழுதவில்லை.

கடைசி இடத்தை நிரப்ப மறக்கவில்லை. எத்தனை தடவை எழுதினாலும் அது என் பயமாகவோ என் ஆசையாகவோ ஆகிவிடுகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

நான் அன்றைக்கு நீலச் சட்டையில் நிற்பேன். உனக்காகக் கை தட்ட முடியாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

தம்பி

---

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

சீட்டு வந்தது. டிப்போ முழுக்க அதுதான் பேச்சு. "எதிராளி கோச் எழுதிக் குடுத்ததை நம்பி ஓட்டப் போறியா? ஆரம்பத்துல உன்னை விரட்டி, பின்னாடி கவுத்துடுவாங்க. பழைய டெக்னிக்" என்கிறார் மெக்கானிக். பஸ் கிளம்புகிற நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சீட்டைப் படித்துப் பார்த்து, "கடைசி ஸ்டாப்புக்கு டைம் போடலையேம்மா, இது செல்லாது" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னேன். அவன் என் தம்பி.

சைக்கிளில் ஒட்டியாகிவிட்டது. ஓடும்போது பார்க்க முன்கையிலும் பேனாவால் எழுதிக்கொள்வேன். நெட்டையிடம் சொல், என்னைப் பார்த்து ஓடுவதென்றால் என் முதுகைப் பார்த்துத்தான் ஓட வேண்டியிருக்கும்.

அக்கா

---

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

நேற்று உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஏறிவிட்டேன்.

கடைசி நானூறு மீட்டரில் நெட்டையும் நீயும் தோளோடு தோள் வந்தீர்கள். நான் கோட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டவில்லை என்றால் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியவில்லை. நெட்டையின் பெயரைத்தான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன், அவள் என் ஆள். நீ அவளைத் தாண்டினாய். நான்கு நொடி.

நெட்டை உட்கார்ந்து அழுதாள். துண்டைப் போர்த்தி அவளோடு இருந்தேன். உன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நீலச் சட்டையில் நின்று நானும் அழுதிருப்பேன். அது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

மீன், டாக்டர், பஸ் அக்கா. தேசியப் போட்டிக்கு மூன்று பெயர் போயிருக்கிறது. பலகையில் மூன்றாவது பெயரை இரண்டு தடவை படித்தேன்.

ஓட்டத்தில் பாதியைத் தாண்டியதும் நீ ஏதோ சத்தமாகக் கத்தினாய் என்று தண்ணீர் கொடுக்க நின்றவர்கள் சொன்னார்கள். என்ன கத்தினாய்?

தம்பி

---

செப்டம்பர் 5

தம்பிக்கு,

கை தட்டாததைப் பார்த்தேன். நெட்டை பெயரைக் கத்தினதையும் கேட்டேன். அவள் பெயரைக் கேட்கக் கேட்க எனக்குத்தான் வேகம் வந்தது, அதனால் உனக்கு நன்றி.

தண்ணீரில் என் கதை கந்தல். யாரோ முழங்கையால் என் நீச்சல் கண்ணாடியில் இடித்தார்கள், அரை வாளி ஏரியைக் குடித்தேன். கரைக்கு வந்தபோது 32:40. நாற்பது நொடி தாமதம். ஆனால் தாமதமான பஸ்ஸை எப்படி ஓட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். சைக்கிளில் ஏறினேன், மிதித்தேன். ஒவ்வொன்றாக ஏழு பேரைத் தாண்டினேன். திருப்பத்தில் சரியாக 1:09. டாக்டர் எதிர்ப்பக்கம் பறந்துகொண்டிருந்தாள். இறங்கும்போது 1:45, ஒரு நிமிடம் முன்னால். ஓட்டத்தில் பாதி வந்தபோது 2:08. இரண்டு நிமிடம் முன்னால்!

அப்போது நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. என் கால் தளர்ந்தது. களைப்பு இல்லை. முன்னால் வந்துவிட்டோம், நிதானி என்று காலே முடிவெடுத்துவிட்டது. பதினான்கு வருடப் பழக்கம், என்னைக் கேட்கவா செய்யும்? நெட்டை நாற்பது மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், அவள் முதுகு பெரிதாவதற்குப் பதில் சிறிதாகிக்கொண்டு வந்தது. நான் முன்கையைப் பார்த்தேன். அடுத்து எத்தனை மணிக்கு என்று தேடினேன். 'முடிவு' என்று எழுதி வெறுமையாக இருந்தது. எந்த நேரத்துக்காகவும் நிதானிக்க வேண்டியதில்லை. எனக்காக ஒருவரும் ஒரு நேரமும் குறித்து வைக்கவில்லை.

கத்தினேன். "இது பஸ் இல்ல!" என்று கத்தினேன். தண்ணீர் வைத்திருந்த பெண் பயந்து டம்ளரைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். அப்புறம் நடந்தது நீ பார்த்ததுதான்.

முடிவு – 2:31:16. கடைசி இடத்தில் நானே எழுதிக்கொண்டேன். சீட்டை டைம் கீப்பரிடம் காட்டினேன், "இப்ப செல்லும்" என்றார்.

நெட்டை நல்ல பெண். அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்து, "பஸ் அக்கா, அடுத்த வருஷம் உங்களை நான் நடு ரோட்டுல எறக்கி விடறேன், பாருங்க" என்றாள். கட்டிக்கொண்டேன். அவளை ஒழுங்காகத் தயார் செய். அரைகுறையாகத் தயார் செய்தவளை ஜெயிப்பதில் எனக்கு ருசி இல்லை.

14ஆம் தேதி ஞாயிறு. ரயில் நிலையத்திலிருந்து காலை 9:40 பஸ் என்னுடையது. உன் ரயில் 9:35க்கு வரும். ஒரு வருடமாக இந்த வீட்டுப் பக்கம் நீ தலை காட்டவில்லை. வா.

அக்கா

---

செப்டம்பர் 18

தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? சோப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். கிளப்பில் நாறிக்கொண்டு நிற்காதே, வேறு வாங்கிக்கொள்.

நீ போன மறுநாள் டைம் கீப்பர் கூப்பிட்டார். கையில் ஒரு தாள். முகம் கடுகடுவென்று இருந்தது, ஆனால் மீசைக்குக் கீழே வேறு என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. "பதினாலு வருஷத்துல உனக்கு நான் குடுக்கற முதல் மெமோம்மா" என்றார். ஞாயிறு 9:40 வண்டி ஐம்பது நொடி தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. காரணத்தை எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும்.

உன் ரயில் தாமதமாக வந்தது எனக்கு எப்படித் தெரியும்? 9:40 ஆனது. கதவை மூட பட்டனில் கை வைத்தாகிவிட்டது. பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு ஷூ கயிறு அவிழ்ந்து, அன்றைக்கு ஓடின மாதிரியே ஓடி வந்தாய். பின் சீட்டில் ஒரு அம்மா, "டிரைவர், டைம் ஆச்சே, எடுங்க" என்றார். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நானே அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் உனக்கு:

'ஒருவர் பையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். நின்றேன்.'

டைம் கீப்பர் படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார். "ஒன்பது வருஷம் லேட்டு சார், ஐம்பது நொடிதான் பிடிச்சேன்" என்றேன். கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். பிளாட்பாரத்திலிருந்து பஸ்ஸுக்கு நூற்றைம்பது மீட்டர்கூட இருக்காது. மூச்சு வாங்கி, படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கோச் என்று வேறு வெளியில் சொல்லிக்கொள்கிறாய். தேசியப் போட்டிக்கு வழியனுப்ப வரும்போதாவது கொஞ்சம் வேகமாக ஓடி வா.

அக்கா